ஜன்னலில் எடுத்த கணக்கு

"செத்து மூணு வருஷமானவங்ககிட்ட நாற்பது நிமிஷம் பேசியிருக்கீங்களேம்மா. என்னதான் சொன்னாங்க?"

மேற்பார்வையாளர் சிரிக்காமல் கேட்டார். மேஜையில் இரண்டு தாள்கள். ஒன்று, போன மாதம் கணக்கெடுப்பில் அவள் நிரப்பிய படிவம். இன்னொன்று, அதை அரசாங்கப் பதிவேட்டோடு சேர்த்துப் பார்த்ததில் வந்து நின்ற இறப்புப் பதிவு. பெயர், பிறந்த தேதி, அடையாள எண் எல்லாம் பொருந்தின.

"பேசினேன் சார். அவங்களே ஜன்னல்லேர்ந்து கூப்பிட்டாங்க. உள்ள எல்லாரும் தூங்குறாங்க, கதவைத் திறந்தா முழிச்சுக்குவாங்கன்னு மெதுவாப் பேசினாங்க."

"கதை நல்லாருக்கு."

"பதில்களைப் பதிவேட்டோட சேர்த்துப் பாக்கலாமான்னு கேட்டா எல்லாரும் தயங்குவாங்க சார். இவங்க மட்டும், 'கட்டாயம் பாருங்கம்மா'ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க."

"செத்தவங்களுக்கு என்ன தயக்கம்?" என்றார் அவர். "டீக்கடையில உக்காந்து படிவம் நிரப்புறவங்களை நான் நிறையப் பாத்தாச்சு. வாங்க, நேர்லயே போவோம். பொய்யின்னா அடையாள அட்டையைக் கழட்டிக் கொடுத்துடணும்."

இந்தச் சம்பளம் நின்றால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

அந்த வீட்டின் கதவைத் திறந்தவர் மரியாதையாக நாற்காலி எடுத்துப் போட்டார். "அக்காவா? போய்ச் சேர்ந்து மூணு வருஷமாச்சே சார். நாந்தான் பதிவு பண்ணினேன். வீட்டையும் என் பேருக்கு மாத்தியாச்சு."

"சந்துப் பக்கத்து ஜன்னல் ரூம்ல..." என்று அவள் இழுத்தாள்.

"அதுல பழைய சாமான்தான். பூட்டியே கிடக்கு." அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெயில்ல வீடு வீடா அலையறாங்க. ஏதோ மாத்தி எழுதியிருப்பாங்க, விட்டுடுங்க சார்."

அந்தப் பரிதாபம்தான் அவளை அடியோடு சாய்த்தது. தானேதான் வீடு மாறிப் போய்விட்டோமோ என்றுகூடத் தோன்றியது.

வெளியே வந்ததும், வீட்டை ஒட்டிய சந்தில் மேற்பார்வையாளர் கையை நீட்டினார். அவள் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினாள்.

தலைக்குமேல் சாத்தியிருந்த ஜன்னல் ஒரு விரல் அகலம் திறந்தது. அன்று கேட்ட அதே மெதுவான குரல்.

"சேர்த்துப் பாத்துட்டீங்களாம்மா?"