வக்கீலம்மாவின் தேர்வு

"அவன் எனக்குக் காது குத்துகிறான்" என்று எழுதிய அட்டையை மேசைமேல் வைத்தேன்.

வக்கீலம்மா படித்தாள். யோசித்தாள்.

"கம்மல் வாங்கியாச்சா, டீச்சர்?"

சுவரோர நாற்காலிகளில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏமாற்றப் பார்க்கிறான் என்று அர்த்தம் என இதே பிள்ளை போன மாதம் எனக்கே விளக்கியிருக்கிறாள்.

ஒன்பது வயது. வக்கீலம்மா என்பது நான் வைத்த பெயர். சொன்ன சொல்லை விட்டு இம்மி நகரமாட்டாள். வந்த புதிதில் "ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டுப் போனால், கடிகார முள் ஒரு சுற்று சுற்றியதும் "ஆயிடுச்சு டீச்சர்" என்று எதிரில் வந்து நிற்பாள்.

ஒருநாள் சமையல் வேலைக்கு நடுவே அவள் அம்மா அலுப்பில் "என் உயிரை வாங்காதடி" என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளை அதன்பிறகு வாயே திறக்கவில்லை. பேசினால் அம்மா செத்துப்போய்விடுவாள் என்று பயம். அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தாள்.

சொன்னது ஒன்று, சொல்ல வந்தது வேறொன்று என்று பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டுவதுதான் என் வேலை. வார்த்தையையே முறைத்துக்கொண்டிருக்காதே, சொல்கிறவர் முகத்தைப் பார். என் பாடம் மொத்தமும் இவ்வளவுதான்.

வீட்டிலும் பழக்க வேண்டும் என்பதால் அப்பா, அம்மா இருவரும் வகுப்பில் உட்கார வேண்டும் என்பது இங்கே விதி. இவளுக்கு வீடே இரண்டு.

அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பிரிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருவரும் ஒரே கூரைக்குக் கீழே உட்காருவது சனிக்கிழமை வகுப்பில் மட்டும்தான். அதிலும் நேர்ப்பேச்சு கிடையாது. "தண்ணி வேணுமான்னு அம்மாவைக் கேளு" என்பார் அவர். "வேணாம்னு சொல்லு" என்பாள் அந்த அம்மா. நடுவில் இருக்கும் பிள்ளை ஒரு எழுத்துக் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

இன்று கடைசித் தேர்வு. தேறிவிட்டால் வகுப்பு முடிந்தது, அடுத்த வாரம் முதல் வர வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே மூவரிடமும் சொல்லியிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடுவாள் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த அட்டை. "தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டான்."

அவள் திரும்பி நாற்காலிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஹெல்மெட் போட்டிருந்தாரா?"

அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததை எடுத்தேன்.

"அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை."

மறுபடியும் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு அட்டைக்கும் இப்படித்தான் பார்க்கிறாள். கவனம் சிதறுகிறது என்று நினைத்தேன்.

"முகத்தைக் குடுத்துட்டா அப்புறம் எதை வச்சுப் பேசுவாங்க?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. அப்பா நகத்தில் ஒட்டியிருந்த கிரீஸைச் சுரண்டினார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளை அவசரமாக அடுத்த அட்டையைத் தானே எடுத்தாள். அதையும் தப்பாகத்தான் சொன்னாள். அவர்கள் மறுபடி சிரித்தார்கள்.

வேண்டுமென்றே செய்கிறாளோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. அடுத்த கணமே போய்விட்டது. யார், இவளா? வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லச் சொன்னால், "யாரும் இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க" என்று வந்தவரிடம் ஒப்பிக்கிற பிள்ளை. இவளுக்கு நடிக்க வராது.

எனக்கு மனசே விட்டுப்போயிற்று. இத்தனை மாதம் தொண்டை வற்றக் கத்தியதெல்லாம் வீண். அட்டைகளை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டேன்.

"இன்னும் மூணு மாசம் வரணும். ரெண்டு பேரும்தான்."

சலித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். சலித்துக்கொள்ளவில்லை. அந்த அம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அடுத்த சனிக்கிழமை உங்களுக்கு ஷிஃப்ட் இருக்கா?"

பிள்ளையிடம் கேட்கவில்லை. அவரிடமே கேட்டாள்.

அவர் ஒரு கணம் தடுமாறினார். "இருக்கு. மாத்திக்கிறேன்" என்றார்.

மூவரும் வெளியே போனார்கள். கதவைச் சாத்தப் போனபோது வக்கீலம்மா மட்டும் திரும்பி ஓடிவந்தாள். மேசைக்கு அடியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். மாடிப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கீழே அவர்கள் இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

என் கையைப் பிடித்து இழுத்துக் காதருகே சொன்னாள்.

"என் வயித்துல பால வார்த்தீங்க, டீச்சர்."

சொல்லிவிட்டுப் படியில் இறங்கி ஓடிப்போனாள்.

அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.