கீச்சானின் யோசனை

ஒரு பட்டறையில் தள்ளுவண்டி ஒன்று இருந்தது. தேய்ந்துபோன முன்சக்கரம் எந்நேரமும் கீச்சுக்கீச்சென்று கத்தும் என்பதால், கீச்சான் என்றே அதற்குப் பெயர். லேத்திலிருந்து துளைபோடும் மிஷினுக்கு நாற்பதடி. இரும்பு உருப்படிகளைச் சுமந்துகொண்டு அந்த நாற்பதடியைத்தான் அது ஆயுசு முழுக்க நடந்து தீர்த்தது. அதன் ஆசையெல்லாம் ஒரு புதுச் சக்கரம்.

ஒருநாள் வெள்ளைப் பலகை ஒன்று பட்டறைக்கு வந்து நின்று அறிவித்தது:

"இது முன்னேற்ற வாரம். இனி நாமெல்லாம் ஒரே குழு. வேலை சுளுவாக யோசனை சொல்லுங்க. சொல்றவங்க கேட்டது கிடைக்கும்."

கீச்சானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதனிடம் அதுவரை எவரும் எதையும் கேட்டதே இல்லை.

"ஐயா, அந்த ரெண்டு மிஷினையும் ஒட்டி வச்சா நாப்பதடி நடை மிச்சமுங்க. எனக்கு ஒரு சக்கரம் போதும்."

"அண்ணே, அந்த நாப்பதடிதானே உன் சோறு!" என்று மூலையிலிருந்து துடைப்பம் பதறியது.

"வயிறெரியுதாடா உனக்கு?"

கைதட்டல் கூரையைத் தொட்டது. மறுநாளே மிஷின்கள் ஒட்டி நின்றன. பலகையில் கீச்சானின் பெயர் கொட்டை எழுத்தில் ஏறியது.

சனிக்கிழமை, வேலையில்லாத பொருள்களைக் கழித்துப்போட அவற்றுக்கெல்லாம் சிவப்புச் சீட்டு கட்டினார்கள். முதல் சீட்டு கீச்சானுக்கு.

"ஐயா, என் சக்கரம்?"

"சொன்ன சொல் தவற மாட்டோம்" என்றது பலகை.

அப்படியே புதுச் சக்கரம் மாட்டினார்கள். பழைய இரும்புக் கொட்டகை வரைக்கும் கீச்சான் வழுக்கிக்கொண்டு உருண்டது. அது போன சத்தம் துடைப்பத்துக்குக்கூடக் கேட்கவில்லை.