காத்திருப்போரில் முதல் ஆள்

"எவன் அவன்? கையில சீட்டை வாங்கி வெச்சுக்கிட்டு ஆறு வாரமா அடைகாத்துக்கிட்டு இருக்கான்!"

தலைவர் லேப்டாப்பைத் தள்ளிவிட்டு எழுந்தான். கல்லூரி மாணவர் தேர்தலில் இரண்டு ஓட்டில் தோற்றவன். அன்று ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் கல்யாணத்துக்குப் பிறகும் போகவில்லை. உடன் படித்த மனைவிக்கும் அவன் தலைவர்தான்.

"கத்தாதீங்க தலைவரே. பக்கத்து வீட்டுக் குழந்தை இப்பத்தான் தூங்கிச்சு," என்றாள் அவள். ஆஸ்பத்திரிப் பதிவு கவுண்டரில் டோக்கன் கொடுக்கிற வேலை அவளுக்கு. பதினொரு மணி ஷிப்ட்டுக்காகச் சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

அரசியல் அறிவியலில் பிஎச்.டி. படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அவன் விண்ணப்பிப்பது இது மூன்றாவது வருடம். இந்த முறை ஏழு இடங்கள். ஆறிலிருந்து 'வருந்துகிறோம்' வந்தாயிற்று. ஏழாவது மட்டும் கதவை முழுசாகச் சாத்தவில்லை. உதவித்தொகையோடு இருக்கும் ஒரே இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர் வேண்டாம் என்றால், காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளான இவனுக்கு. அந்த வேறொருவர் பதில் சொல்ல இன்று காலை பத்து மணி வரை கெடு.

இப்போது மணி ஒன்பது நாற்பது.

"வேணாம்னா வேணாம்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"அவங்களுக்கு என்ன சங்கடமோ."

"என்ன பெரிய சங்கடம்? நாலு இடத்துல கிடைச்சிருக்கும். எங்க பணம் கூடக் கொடுக்குறாங்கன்னு பார்த்துட்டு இருப்பான்."

"காத்திருக்க வைக்கிறதும் ஒரு அதிகாரம்தாங்க. எங்க கவுண்டருக்கு ஒரு நாள் வந்து பாருங்க. யாரை உட்கார வைக்கிறாங்க, யாரை நேரா உள்ளே விடுறாங்கன்னு..."

"ஆரம்பிச்சுட்டியா உன் டோக்கன் புராணத்தை?"

அவனுடைய போன் அடித்தது. அம்மா. ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னப்பா, தகவல் ஏதாவது வந்துச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"இங்கே இல்லாத அரசியலா? அதைப் படிக்க எதுக்குடா கடல் தாண்டிப் போகணும்?"

"அப்புறம் பேசுறேம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரிக்கத்தான் தெம்பில்லை. மூன்று வருடமாக அவன் மெயில் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவளும் பின்னால் வந்து நின்று எட்டிப்பார்த்தாள். இந்த வருடம் ஏழு விண்ணப்பங்களையும் டோக்கனுக்கு நடுவே கவுண்டரில் உட்கார்ந்து நிரப்பியது அவள்தான். பழைய பேராசிரியர் வீட்டுக்கு நடையாய் நடந்து பரிந்துரைக் கடிதம் வாங்கியதும் அவள்தான். ஒவ்வொரு 'வருந்துகிறோம்' வந்தபோதும் அவனைவிட அவளுக்குத்தான் அதிகமாக வலித்தது. அந்த ஆறில் ஒன்றே ஒன்று கிடைத்திருக்கக் கூடாதா என்று இப்போதும் மனசு அடித்துக்கொண்டது.

அவள் முகத்தைப் பார்த்து அவன் கொஞ்சம் இறங்கி வந்தான்.

"நீயும் களைச்சுப் போயிட்ட. தெரியும்மா." பக்கத்தில் வந்து கையைப் பிடித்தான். "எனக்குக் கிடைச்சா உன்னை விட்டுட்டா போயிடுவேன்? விண்ணப்பத்தோட அனுப்பின என் ஸ்டேட்மென்ட்ல கமா, முற்றுப்புள்ளி எல்லாம் நீதானே சரி பண்ணின?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அந்த இரண்டு பக்கத்தில் அவன் எழுதியதாக மிஞ்சியிருந்தது கமாக்கள் மட்டும்தான்.

"துணைக்கு வர்றவங்களுக்கும் விசா உண்டு," என்று அவன் தொடர்ந்தான். "முழுசா அஞ்சு வருஷம். அங்கேயும் ஏதாவது ஒரு கவுண்டர் வேலை கிடைக்காமலா போயிடும் உனக்கு? பழகின வேலைதானே."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு என்னவோ போல் இருந்தது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு தன் போனை எடுத்தாள்.

"யாருக்கு இப்போ?"

"ஒரு பதில் பாக்கி. ரொம்ப நாளா இழுத்துட்டேன்."

அதற்குள் அவன் லேப்டாப்புக்குத் திரும்பிவிட்டான். அவள் திரையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு முறை தட்டினாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏற்கெனவே தேய்த்து முடித்த காலரை மறுபடியும் தேய்த்தாள்.

பத்து மணி நாலு நிமிடத்துக்கு லேப்டாப் 'டிங்' என்றது.

அவன் படித்தான். நம்பாமல் இன்னொரு தடவை படித்தான்.

"எடுத்துக்கிட்டான்," என்றான். "இடம் நிரம்பிடுச்சாம். பட்டியலை மூடிட்டாங்களாம். எல்லாம் போச்சு. மூணு வருஷம்..."

மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அவளுக்குத் தாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

"எல்லாம் போகலைங்க. கொஞ்சம் நிமிர்ந்து இதைப் பாருங்க," என்று தன் போனை அவன் முன்னால் நகர்த்தினாள்.

அதே பல்கலைக்கழகம். அதே துறை. 'உங்கள் சம்மதம் கிடைத்தது, நன்றி. மருத்துவமனை வரிசைகளைப் பற்றிய உங்கள் ஆய்வை ஆவலோடு எதிர்நோக்குகிறோம்.'

"துணைக்கு வர்றவங்களுக்கும் விசா உண்டு தலைவரே," என்றாள் அவள். "அங்கே ஏதாவது ஒரு கவுண்டர் வேலை கிடைக்காமலா போயிடும் உங்களுக்கு?"