சுறாவுக்கு ஒரு குடும்பம்

முதுகெலும்புள்ள சகல ஜீவராசிகளுக்கும் இதனால் தெரிவிக்கப்படுவது: உங்கள் குடும்ப வரலாறு இன்று முற்பகல் திருத்தி எழுதப்படுகிறது. இடம், விலங்கியல் துறைக் கருத்தரங்கக் கூடம். மதிய உணவு உண்டு.

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்காக அவள் திரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

திரையில் மரம். எலும்பைக் கெட்டியாக்கும் புரதங்களின் குடும்ப மரம். ஒரு கிளையில் மீன்கள், ஒன்றில் தவளை, ஒன்றில் கோழி. உச்சியில், வழக்கம்போல், மனிதன்.

அவன் தோளில் கைபோட்ட மாதிரி, சுறா.

சுறாவுக்கு எலும்பு கிடையாது. வெறும் குருத்தெலும்புதான். அதனால் அந்தப் புரதமும் கிடையாது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது, பேராசிரியர் ஞானதிரவியம் தூத்துக்குடியில் ஒரு சுறாவை அறுக்கும்வரை.

அவர்தான் அவளுடைய நெறியாளர்.

பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க, கையுறை போடாமல் அறுத்தார். அறுத்து முடிக்கும்வரை பேசினார். பரிணாமத்தைப் பற்றிக் கொஞ்சம், தன்னைப் பற்றி மிச்சம். பேசினால் எச்சில் தெறிக்கும்.

ஒப்பிட ஒரு மனித மாதிரி வேண்டியிருந்தது. அதற்கும் பெருந்தன்மையாகத் தன் எச்சிலையே கொடுத்தார். இரண்டின் முடிவையும் இணையத்தில் ஏற்றினார். உலக விஞ்ஞானிகள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

போன வாரம்தான் அவள் இரண்டு மரபணுவையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தாள்.

லட்சத்தில் ஒருவருக்கு வரும் ஒரு மாற்றம் ஐயாவுக்கு இருந்தது.

சுறாவுக்கும் இருந்தது.

அவரிடமே போய்ச் சொன்னாள். சுறாவின் மேல் அவருக்கு மரியாதை கூடியது.

இப்போது அவர் முதல் வரிசையில். அவருக்குப் பின்னால் பட்டுச்சேலையில் அவளுடைய மாமியார். கல்லூரி வேலை முடிவாகிவிட்டது, பட்டம் மட்டும்தான் பாக்கி என்று பக்கத்து நாற்காலிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலை அடைத்துக்கொண்டு பிரியாணி அண்டா இறங்கியது.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் கேட்டார், சுறா ஏன் மீன்களோடு சேராமல் மனிதனோடு நிற்கிறது என்று.



சொன்னால் ஆறு வருடம் போச்சு. சொல்லாவிட்டால் ஓய்வுபெறும்வரை வகுப்பு வகுப்பாக இந்தச் சுறாவையே நடத்த வேண்டும்.

அவள் மைக்கை அணைத்தாள். புறத்தேர்வாளரின் மேசைவரை நடந்துபோய்க் குனிந்தாள்.

"சார், அது சுறா இல்ல. எங்க ஐயாவோட எச்சி."

அவர் ஆய்வேட்டைப் புரட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்மா. அத வெச்சுத்தான் எங்ககிட்ட மூணு பேரு பி.எச்டி. முடிச்சிருக்காங்க. மைக்கப் போடுங்க."

போட்டாள்.

அவையில் வேறு யாருக்கும் கேள்வி இல்லை.

அவளுக்கு முனைவர் பட்டம் கொடுத்துவிட்டார்கள்.