நாற்பத்து மூன்று பேனர்

“நாப்பத்தி மூணு பேனரா? விழாவுக்கு வர்றதே முந்நூறு பேருதான் சார்!”

டென்னிஸ் வாயை விட்டிருக்கக் கூடாது. திருவொற்றியூர் மாசானம் ரஸ்க் கம்பெனியில் சேர்ந்து ரெண்டு மாதம்தான் ஆகிறது. வேலை, சமூக நல அதிகாரி. அதாவது, சுற்று வட்டாரத்துக்குக் கம்பெனி செய்கிற நல்ல காரியங்களைக் கவனிக்கிற ஆள்.

முதலாளி மாசானம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்து மனுஷன். மெட்ராஸுக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் பேச்சு மட்டும் ஊரை விட்டுக் கிளம்பவில்லை.

“நாப்பத்தி மூணுன்னா நாப்பத்தி மூணுடே. ஒவ்வொண்ணும் இருபதடிக்குப் பத்தடி. நல்ல கெட்டி ஃப்ளெக்ஸ். ஓரம் பூரா வளையம் அடிக்கணும். நடுவுல என் போட்டோ, பெருசா. மழைக்கு முன்னாடி விழா முடியணும், கேட்டியா?”

டென்னிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுப்பது ஆளுக்கு அஞ்சு கிலோ அரிசி, ரெண்டு பாக்கெட் ரஸ்க். அதற்கு இந்த மூஞ்சி நாற்பத்து மூன்று தடவையா? அதுவும் என்ன அழகான மூஞ்சி! கடுவன் பூனை மீசை, வெளியே எட்டிப் பார்க்கிற முன்பல் ரெண்டு.

விழா, மீனவர்கள் வாழும் நெட்டுக்குப்பத்தில். முதலாளி ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த சமயம் பார்த்து, டென்னிஸ் துணிந்து பேனர் ஆர்டரை ரத்து செய்தான். மிச்சமான பணத்துக்கு ஆளுக்குப் பத்து பாக்கெட் ரஸ்க் கூடுதலாக ஏற்றினான். வேலை போனாலும் போகட்டும், ஏழை வயிறு நிறையட்டும் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்.

மேடைக்கு மட்டும் ஒரே ஒரு பேனர், நாலடிக்கு மூன்றடி. ஓரத்தில் ‘விழா ஏற்பாடு: டென்னிஸ்’ என்று அவன் போட்டோ. சின்னதுதான், கழுத்து வரைக்கும்.

விழா அன்று மீன் விற்கிற ராஜாத்தி அரிசியை வாங்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“இன்னா சார், மொதலாளி மூஞ்சியே காணோம்?”

“அவர் ஊருக்குப் போயிருக்காரும்மா.”

“அவரு யாருக்கு வேணும்? அவரு மூஞ்சி எங்க சார்? பேனரு!”

“அந்த வீண் செலவை நிறுத்திட்டேன்மா. அதுக்குப் பதிலாத்தான் பத்து பாக்கெட் ரஸ்க்!”

கைதட்டலுக்காகக் காத்து நின்றான். வரவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள்.

“படிச்ச புள்ளயாட்டம் கீற, இன்னா வேல சார் பண்ணிக்கீற? மழ வந்தா ரஸ்க்கத் தலமேல கவுத்துக்கினு ஒக்காரவா?”

என்று கேட்டுக்கொண்டே ராஜாத்தி அவன் கையைப் பிடித்துச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போனாள். ரெண்டு மாதமாகக் குப்பத்து மைதானத்தோடு திரும்பிப் போனவன், அன்றுதான் சந்துக்குள் வருகிறான்.

“மேல பாரு.”

பார்த்தான். ஓலையின் மேலும் உடைந்த ஷீட்டின் மேலும் மாசானம். போன வருஷத்து மாசானம். வெயிலில் வெளுத்துக் கிழிந்து, ஒரு கூரையில் மீசை மட்டும், அடுத்த கூரையில் ரெண்டு பல் மட்டும் மிச்சம். வளையங்களில் வலைக்கயிறு கோத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

“ஒரு வருசந்தான் தாங்கும் சார். எங்க வூட்ல மொதல்ல மூஞ்சிய உள்ள பாக்கப் போட்டுட்டோம். படுத்தா, ஓட்ட வழியா மொதலாளி ஒத்தக் கண்ணால பாக்குறாரு. ஒரே பேஜாரு. அப்பால திருப்பிப் போட்டோம்.”

யாரோ மேடைப் பேனரைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். ராஜாத்தி அதை விரித்து, அளந்து, டென்னிஸையும் ஒரு தரம் பார்த்தாள்.

“இது யாரு, நீயா? எங்க ஆட்டுக்கே பத்தாதே சார்!”

டென்னிஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஒழுகுற வீடு மொத்தம் எத்தனைம்மா?”

“நாப்பத்தி மூணு. மொதலாளியே வருசா வருசம் வந்து எண்ணிக்கினு போவாரே!”

மறுநாள் காலை, ஊரிலிருந்து திரும்பியிருந்த முதலாளி முன்னால் டென்னிஸ் போய் நின்று, நடந்ததை எல்லாம் கொட்டினான்.

“என் வேலை போயிடுச்சா சார்?”

“வேலையை அப்புறம் பாப்போம்டே. வானம் கறுத்துக் கெடக்கு. ஓடு, பேனர் அடிக்கவனைப் பிடி. நாப்பத்தி மூணு கூரையிலயும் நீயே ஏறிக் கட்டிட்டு வா. அதுதான் உனக்குத் தண்டனை.”

விட்டால் போதும் என்று வாசல் வரை ஓடிய டென்னிஸ், மனசு கேட்காமல் திரும்பினான்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. பேசாம தார்ப்பாயே குடுத்திருக்கலாமே? எதுக்கு உங்க போட்டோ? ஊரே உங்களை விளம்பரப் பைத்தியம்னு சிரிக்குது.”

“மொத ரெண்டு வருசம் தார்ப்பாய்தான்டே குடுத்தேன். நல்ல நீலத் தார்ப்பாய். மூணாம் நாளு பாத்தா, பாதி கடையில தொங்குது! சில வீட்டு ஆம்பளையாளுவ உருவிட்டுப் போயி வித்துக் குடிச்சிட்டானுவ. பாவம், பொம்பளையாளும் புள்ளையளும் அந்த மழை பூரா நனைஞ்சுட்டுக் கெடந்துச்சுவ. அப்புறந்தான் இந்த யோசனை வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுகூட வெளிய போகல.”

மாசானம் மீசையைத் தடவிக்கொண்டு, ரெண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

“இந்த மூஞ்சியை எவன்டே காசு குடுத்து வாங்குவான்?”