இன்னும் காயாத கார்

காரின் பானெட்டில் தோல் போல உரிந்துகிடந்த மேல்பூச்சைத் தேய்த்தெடுத்து, புது லாக்கர் பூச்சு அடித்திருந்தார் பெயின்டர்.

"எப்பதான்யா காரைக் கொடுப்பே? மக ஸ்கூட்டர்ல தொத்திக்கிட்டு ஆபீஸ் போக வேண்டியிருக்கு" என்று சலித்துக்கொண்டார் அப்பா.

"தினமும் இவரைச் சுமக்க என்னாலயும் முடியலைண்ணே" என்றாள் மகள்.

"லாக்கர் இன்னும் காயலை சார்."

அப்பா முணுமுணுத்தபடி வெளியே நடந்தார். உடனே மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, இன்னும் ஒரு வாரத்துக்கு இப்படியே சொல்லுங்க. வீட்ல வாயே திறக்காத மனுஷன், ஸ்கூட்டர்ல பின்னாடி உட்கார்ந்தா கதை கதையா பேசுறாரு."

பெயின்டர் காரின் போர்வையை விலக்கினார். பானெட் பளபளத்தது.

"இது எப்பவோ காஞ்சிடுச்சும்மா. உங்கப்பாதான், மக கூடப் பேச வேற நேரமே கிடைக்கலைன்னு, இப்படிச் சொல்லச் சொன்னாரு."