பூந்திக்கொட்டைச் சாறு

கடையில் விற்கிற சோப்புத்தூள் எல்லாம் விஷமாம். அதனால் எதிர்வீட்டு வசுந்தரா பூந்திக்கொட்டையை ஊறவைத்து, கொதிக்கவைத்து, துணி துவைக்கத் தானே சாறு இறக்குகிறாள். அதன் லட்சணம் கொடியில் காவியேறித் தொங்கும் வேட்டியில் தெரிகிறது. வீட்டுக்காரர் சந்நியாசம் வாங்கிவிட்டாரோ என்று கேட்கத் தோன்றும். நேற்று மத்தியானம் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் உள்ளே போனேன். அவள் கணவர் பூவராகன் செல்போனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தார். அடுப்பு மேடையில் ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் பாத்திரங்கள். ஒன்றில் ரசம், மற்றதில் சாறு, இரண்டும் ஒரே பழுப்பு. நம் கெட்டிக்காரி சாற்றை மொண்டு அவர் சோற்றில் ஊற்றிவிட்டாள்.

"அடியே, அது நுரைக்குதுடி!" என்று அவள் கையைப் பிடித்தேன்.

பார்த்தாள். முகம் வெளுத்தது. பிறகு என் காதோடு சொன்னாள்: "சும்மா இருங்கக்கா. வாயில வச்சதும் துப்பிடுவாரு. இருபத்திரண்டு வருஷத்துல என் சமையலப் பத்தி ஒரு வார்த்த வரட்டுமே. திட்டினாலும் சரி."

அவர் பிசைந்தார். விரலிடுக்கில் நுரை பொங்கியது. ஒரு கவளம், இரண்டு கவளம். எருமை கழுநீர் குடிப்பதுபோல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே இன்னும் கொஞ்சம் ஊற்று என்பதுபோல் தட்டை முன்னால் தள்ளினார்.

வசுந்தரா கரண்டியோடு நின்றாள்.

"கதவச் சாத்திட்டுப் போங்கக்கா" என்றாள் என்னைப் பார்க்காமல். மேடைப் பக்கம் திரும்பியவள் கரண்டியை ரசத்தில் விடவில்லை, மற்றதில் விட்டாள்.